எல்லாம் நம்மிடமிருந்துதான் போனதா?



இந்தப் பதிவை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். எழுதினால் நண்பர் சிலர் வருந்துவர். எழுதாமல் விட்டாலோ, நான் ஆசிரியன் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தடுப்பூசி போடப்படுவது நாம் அறிந்ததே. தட்டம்மை முதலியவற்றுக்கு ஓர் ஊசி. தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவுக்கும் டெட்டனசுக்கும் சேர்த்து ஓர் ஊசி. அதற்கு முன்பாகப் பெற்றோரிடம் ஒப்புதல் படிவம் வாங்க வேண்டும். இம்முறை என் வகுப்பிலிருந்து இரண்டு படிவங்கள் ‘ஒப்புதல் இல்லை’ என்ற குறியோடு திரும்பி வந்தன. ஒரு மாணவனின் தந்தையைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டேன். அவர் மிகப் பணிவாகவே விடை கூறினார்.

“ஐயா, தடுப்பூசியைக் கண்டுபிடித்தவர்களே நம் முன்னோர்கள்தாமே! வெள்ளைக்காரன் அதைத் திருடிக் கெடுத்து நமக்கே திருப்பி விற்கிறான். எங்களுக்கு நம்முடைய மருந்தே போதும்.”

இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். பெற்றோர் புலனக் குழுவில் வந்தது என்றார். அனுப்பியவர் யார் என்று கேட்டேன். சற்றுத் தயங்கிச் சொன்னார்: “உங்களைப் போல் ஓர் ஆசிரியர்தான் ஐயா.”

அந்த விடைதான் என்னை எழுத வைத்தது. ஆசிரியர் ஒருவர் பரப்பிய செய்தியை நம்பி ஒரு தந்தை தம் ஏழு வயது மகனின் தடுப்பூசியை மறுத்திருக்கிறார். இதற்குமுன் இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் நானும் சிரித்துவிட்டு அழித்தவன்தான். ‘நம் பெருமையைத்தானே பேசுகிறார்கள், பேசிவிட்டுப் போகட்டுமே’ என்று இருந்துவிட்டேன். அது பிழை. இப்போது அப்பிழையைத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

அச்செய்தியில் உண்மை எவ்வளவு?

முதலில் அந்தச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு துளி உண்மை உண்டு. அந்தத் துளிதான் மற்றப் பொய்க்கெல்லாம் துணை நிற்கிறது.

பெரியம்மைப் புண்ணின் நீரையோ பொருக்கையோ சிறிதளவு எடுத்து, நலமாக இருப்பவர் உடலில் செலுத்தி, மென்மையான அம்மையை வரவழைத்து, பின்னர்க் கொடிய அம்மை வாராமல் காக்கும் முறை பழங்காலத்தில் பல நாடுகளில் இருந்தது. வங்கத்திலும் ஒடிசாவிலும் அம்மை குத்துவோர் ஊர் ஊராகச் சென்று இதைச் செய்தனர். சீனர்கள் அம்மைப் பொருக்கைப் பொடியாக்கி மூக்கினுள் ஊதினர். துருக்கியரும் ஆப்பிரிக்க மக்கள் சிலரும் இதனை அறிந்திருந்தனர். இங்கிலாந்துத் தூதரின் மனைவியான மேரி வோர்ட்லி மாண்டேகு துருக்கியில் இதைக் கண்டு, 1718-இல் அங்கேயே தம் மகனுக்குச் செய்வித்தார். 1721-இல் இலண்டனில் தம் மகளுக்கும் செய்வித்தார். அதே 1721-இல் அமெரிக்காவின் பாசுடன் நகரில் பெரியம்மை பரவியபோது, ஒனேசிமசு என்னும் ஆப்பிரிக்க அடிமை தம் தாய்நாட்டில் தமக்குச் செய்யப்பட்டதை எடுத்துரைத்திருந்தார். அதைக் கேட்டே அங்கு அம்மை குத்தத் தொடங்கினர்.

ஆனால், இந்த முறையில் ஓர் இடர் இருந்தது. செலுத்தப்பட்டது உண்மையான பெரியம்மை. ஆகவே சிலர் இறந்தனர்; மற்றவர்க்கும் நோய் தொற்றியது. 1796-இல் எட்வர்டு ஜென்னர் என்னும் நாட்டுப்புற மருத்துவர், பசுவுக்கு வரும் மெல்லிய அம்மையைக் கொண்டே பெரியம்மையைத் தடுக்கலாம் என்று செய்து காட்டினார். பால் கறக்கும் பெண்களிடையே வழங்கிய நம்பிக்கையிலிருந்து அவர் பெற்ற கருத்து அது. அந்தப் பசுவம்மைப் பால் கைக்குக் கையாக மாற்றப்பட்டு, பாக்தாது, பசுரா வழியாக 1802-இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது.

இதில் எந்த நாடு திருடியது? எந்த நாடு இழந்தது? வங்கத்தாரும் சீனரும் துருக்கியரும் ஆப்பிரிக்கரும் ஆங்கிலேயப் பால்காரியும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கிய தேர் இது. 1980-இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தப் பெருமையில் அனைவருக்கும் பங்குண்டு.

எல்லீசர் எழுதிய ‘பழஞ்சுவடி’

‘இல்லை, பசுவம்மை குத்தும் முறையே நம் பழைய நூலில் இருக்கிறது, தன்வந்திரி எழுதியிருக்கிறார்’ என்று அந்தப் புலனச் செய்தி மேலும் கூறுகிறது. இக்கூற்றின் வரலாற்றைத் தேடிச் சென்றால் ஒரு வியப்பு காத்திருக்கிறது.

எல்லீசு துரையை நாம் அனைவரும் அறிவோம். சென்னையில் ஆட்சியராக இருந்தவர். திருக்குறளுக்கு உரை எழுதியவர். வள்ளுவர் உருவம் பொறித்த காசு வெளியிட்டவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமற்கிருதத்திலிருந்து வேறுபட்ட தனிக் குடும்பம் என்று 1816-இலேயே எழுதியவர். தமிழாசிரியர் எவரும் நன்றியோடு நினைக்கும் பெயர்.

அவர் காலத்தில் சென்னை மக்கள் பசுவம்மைப் பால் குத்திக்கொள்ள அஞ்சினர். அயலாரின் முறை என்று ஒதுங்கினர். அவர்களை எப்படியாவது இணங்கவைக்க வேண்டும் என்று எல்லீசு எண்ணினார். பசுவம்மையைப் போற்றிச் சமற்கிருதத்தில் தாமே ஒரு செய்யுள் இயற்றினார். அது பழைய தாளில் எழுதப்பட்டுப் பழஞ்சுவடி கிடைத்தது போல் பரப்பப்பட்டது என்று அக்காலக் குறிப்பு கூறுகிறது. 1819-இல் சென்னை ஆங்கில இதழொன்றில், தன்வந்திரி பெயரால் வழங்கும் நூலில் பசுவம்மைப் பால் குத்தும் முறை உள்ளது என்ற செய்தி வெளிவந்தது. ஐரோப்பிய நூல்கள் அதை எடுத்தாண்டன. பின்னர் நம்மவர்கள் அந்த ஐரோப்பிய நூல்களைச் சான்று காட்டி மார்தட்டினர். இன்று கிடைக்கும் சரகர், சுசுருதர் நூற்பதிப்புகளில் அப்படியொரு பகுதி இல்லை. வரலாற்று ஆய்வாளர்கள் இதனை நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட பொய் என்றே முடிவு கூறியுள்ளனர்.

இந்தக் கொடுமையைக் கவனியுங்கள்! நம் மக்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஓர் ஆங்கிலேயர் புனைந்த கதை அது. இருநூறு ஆண்டு கழித்து, தடுப்பூசி வேண்டாம் என்பதற்கு அதே கதையை நாம் பயன்படுத்துகிறோம். நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய்கூட யார் கையில் போய்ச் சேரும் என்று சொன்னவரால் கட்டுப்படுத்த முடியாது. ‘பிள்ளைகளுக்கு ஊக்கம் வரட்டும் என்றுதான் சற்று மிகுத்துச் சொன்னேன்’ என்னும் ஆசிரிய நண்பர்கள் இதை நினைவிற் கொள்ளட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். தடுப்பூசி நம் முன்னோர் கண்டதே என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முன்னோரின் கொடையை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் நாமல்லவா? ‘நம்முடையது, ஆகவே வேண்டாம்’ என்பது எந்த ஊர் நியாயம்?

அந்தத் தந்தை மறுத்த டிப்தீரியா, டெட்டனசு ஊசியும் ‘வெள்ளைக்காரன் ஊசி’ அன்று. 1889-இல் டெட்டனசு நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் கித்தசாத்தோ சிபசபுரோ என்னும் சப்பானியர். அவரும் செருமானியரான எமில் பேரிங்கும் பெர்லினில் ஒன்றாக உழைத்து, இவ்விரு நோய்களையும் உடல் எவ்வாறு எதிர்க்கிறது என்று 1890-இல் வெளியிட்டனர். தடுப்பூசிக்கான அடிப்படை அங்கேதான் இடப்பட்டது.

நாம் கொடுத்தது உண்மையில் என்ன?

நான் நம் பெருமையை மறுப்பவன் என்று யாரும் எண்ண வேண்டா. நாம் உலகுக்குக் கொடுத்தது உண்டு. அதைச் சான்றோடு சொல்லலாம்.

1792-ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாசுசி என்பவரைத் திப்பு சுல்தானின் படையினர் சிறைபிடித்து மூக்கை அறுத்தனர். பின்னர்ப் புனே நகருக்கு அருகில் அவருக்குப் புதிய மூக்கு அமைக்கப்பட்டது. மெழுகால் மூக்கின் வடிவம் செய்து, அதைத் தட்டையாக விரித்து, அந்த அளவுக்கு நெற்றித் தோலைக் கீறி, அடிப்பகுதியை மட்டும் அறுக்காமல் விட்டு, தோலைத் திருப்பிக் கீழிறக்கி மூக்கில் பொருத்தினர். ஆங்கில மருத்துவர் இருவர் அதை நேரில் கண்டனர். 1794 அக்டோபரில் இலண்டன் இதழொன்றில் அது படத்துடன் வெளிவந்தது. அதைப் படித்த சோசப் கார்ப்யூ என்னும் அறுவை மருத்துவர் பல்லாண்டு ஆராய்ந்து, 1814-இல் இலண்டனில் அதே முறையில் ஒரு படைவீரருக்கு மூக்கு அமைத்தார். 1816-இல் நூலும் எழுதினார். இன்றைய ஒட்டறுவை மருத்துவத்தின் வரலாறு எழுதுவோர் எவரும் இதைத் தவிர்ப்பதில்லை.

இங்கும் நாம் ஆழ்ந்து பார்க்க வேண்டியது உண்டு. சுசுருதர் நூலில் மூக்கு அமைக்கும் முறை இருக்கிறது. அது கன்னத்துத் தோலை எடுக்கச் சொல்கிறது. புனேயில் எடுக்கப்பட்டதோ நெற்றித் தோல். ஆக, ஏட்டில் எழுதப்பட்டதை அப்படியே செய்யாமல், தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்து பார்த்து மேம்படுத்தியிருக்கிறார்கள். அதைச் செய்தவர் யார்? செங்கல்லும் மட்பாண்டமும் செய்யும் குலத்தைச் சேர்ந்தவர் என்கின்றன குறிப்புகள். கவாசுசியின் பெயரை ஆங்கிலேயர் எழுதி வைத்தனர். அறுவை செய்தவரின் பெயரை எவரும் எழுதவில்லை.

ஏடு அறிந்தவர் கத்தியைத் தொடவில்லை. கத்தி பிடித்தவர்க்கு ஏடு கிட்டவில்லை. ‘வெள்ளையன் திருடினான்’ என்று முழங்குமுன், அந்தக் கைவினைஞரின் அறிவை நம் சமுதாயம் எந்த இடத்தில் வைத்திருந்தது என்று கேட்டுப் பார்க்கும் நேர்மை நமக்கு வேண்டாவா?

நாம் வாங்கியது என்ன?

இனி, வாங்கியதைப் பார்ப்போம். நாட்டுமருந்துக் கடைக்குச் சென்று ‘பறங்கிப்பட்டை’ கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். பறங்கிப்பட்டைச் சூரணம் சித்த மருத்துவத்தில் பெயர்பெற்றது. தோல் நோய்களுக்குக் கொடுப்பர். பட்டை என்று பெயரே ஒழிய, அது ஒரு கொடியின் கிழங்கு. அக்கொடியின் தாயகம் சீனம். 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்ச்சுகீசியக் கப்பல்கள் வழியாக அது கோவாவுக்கு வந்தது. கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா 1563-இல் வெளியிட்ட மருந்து நூலில் இதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதே போர்ச்சுகீசியரோடு வந்த ஒரு கொடிய நோயும் இருந்தது. நம்மவர்கள் அதற்குப் ‘பறங்கிப்புண்’ என்று பெயரிட்டனர். அதே நூற்றாண்டில் எழுந்த பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூலும் அந்நோயைப் பறங்கியர் பெயராலேயே குறித்து, இந்தச் சீனக் கிழங்கை மருந்தாகக் கூறுகிறது.

எண்ணிப் பாருங்கள். புதிய நோய் வந்தது. பழைய ஏட்டில் அதற்கு மருந்து இல்லை. நம் வைத்தியர்கள் ‘ஏட்டில் இல்லாத நோய் உலகில் இல்லை’ என்று கூறவில்லை. கப்பலில் வந்த கிழங்கை வாங்கிப் பார்த்தனர், கொடுத்துப் பார்த்தனர், தம் முறைக்கு ஏற்பச் சூரணமாக்கிச் சேர்த்துக்கொண்டனர். அதைவிட உயர்ந்த செயல் ஒன்றும் செய்தனர். ‘இது எங்கள் சித்தர் கண்டது’ என்று புதுப்பெயர் சூட்டி மறைக்கவில்லை. வந்த வழியைப் பெயரிலேயே பொறித்து வைத்தனர். பறங்கிப்பட்டை என்று பெயர் வைத்தவனிடம் இருந்த நேர்மை, புலனச் செய்தி எழுதியவனிடம் இல்லை!

நாடி பார்ப்பதை நம் மருத்துவத்தின் உயிர்நாடி என்கிறோம். சரகர், சுசுருதர் நூல்களில் அது நோயறியும் முறையாக இல்லை. அதைத் தெளிவாகக் கூறும் முதல் ஆயுர்வேத நூல் என அறியப்படுவது ஏறத்தாழ 13, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சார்ங்கதர சங்கிதை. அரபு மருத்துவமும் யூனானியும் நம்மோடு கலந்து பழகிய காலம் அது. ‘யூனானி’ என்ற சொல்லே கிரேக்கத்தைக் குறிப்பது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே பாக்தாதில் சரகரும் சுசுருதரும் அரபியில் பெயர்க்கப்பட்டிருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

டிங்கி வந்தால் ‘முன்னோர் மருந்து’ என்று பப்பாளி இலைச் சாறு பிழிகிறோம். பப்பாளியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பசுக்குப் பின்னரே அது நம் பக்கம் வந்தது. வள்ளுவரோ திருமூலரோ பப்பாளியைக் கண்ணால் கண்டதில்லை.

இந்த மலாய் மண்ணுலகோடு நமக்குள்ள உறவும் அப்படித்தான். பழைய மருந்துகளில் சேரும் பச்சைக் கர்ப்பூரம் சுமாத்திரா, போர்னியோ காடுகளில் வளரும் மரத்திலிருந்து வந்தது. அந்தக் கர்ப்பூரத்துக்குப் பெயர்பெற்ற சுமாத்திராவின் பாரூசு துறைமுகத்தை ஒட்டிய லோபு துவாவில், தமிழ் வணிகர் குழுவினர் 1088-இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. டுரியான் சூடு, மங்குசுத்தீன் குளிர்ச்சி என்று நம் பாட்டி சொல்கிறார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் அதையே சொல்கிறார்; மலாய்ப் பாட்டியும் அதையே சொல்கிறார். யாரிடமிருந்து யார் திருடினர் என்று மூன்று பாட்டிகளும் வழக்காடியதில்லை.

நம் பாட்டன்மார் உயிர் பிழைத்த கதை

இது ஏதோ தொலைதூர வரலாறு என்று எண்ணுகிறீர்களா? நம் குடும்பங்களுக்குள்ளேயே வருகிறேன்.

இந்நாட்டுக்குப் பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோரை வாரிக்கொண்டு போன நோய்களுள் முதன்மையானது மலேரியா. பெரட்டுக் களத்தில் ‘கொயினா’ கொடுத்த கதையைத் தோட்டத்தில் வாழ்ந்த முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கசப்பு மருந்து வந்த வழி தெரியுமா?

தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைச்சாரலில் வளர்ந்தது சிங்கோனா மரம். அதன் பட்டையை 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். மறுசபைக் கிறித்துவர் பலர் ‘அது அவர்களின் மருந்து’ என்று ஐயுற்றனர். கொண்டுவந்தவன் யார் என்று பார்த்து மருந்தை ஒதுக்கும் மடமை நமக்கு மட்டும் உரியதன்று! ஆனால் சீனப் பேரரசர் காங்சி 1693-இல் காய்ச்சலில் விழுந்தபோது, அதே துறவிகள் கொடுத்த அதே பட்டையை உண்டு நலம் பெற்றார். 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தனர். பொலிவியாவின் பழங்குடியினரான மனுவேல் இன்க்ரா மமானி சேகரித்துக் கொடுத்த உயர்வகை விதை ஓர் ஆங்கிலேயர் வழியாக 1865-இல் டச்சுக்காரர் கைக்குச் சென்றது. சாவகத்தில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. விதை கொடுத்ததற்காக மமானி சிறைப்பட்டு அடிபட்டு மாண்டார். ஆம், கொள்ளையும் கொடுமையும் இவ்வரலாற்றில் உண்டு. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நீலகிரியிலும் 1860-களில் சிங்கோனா பயிரானது. நம் நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னைச் சிறைக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் அங்கே நடுவட்டத்தில் உழைத்தனர். இங்கிருந்து சீனர் அங்கே; அங்கிருந்து தமிழர் இங்கே!

1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராசு, கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். உசேன் கான் என்னும் நோயாளி, ஒரு கொசுவுக்கு ஓரணா என்று பெற்றுக்கொண்டு, தம்மைக் கொசுக்கள் கடிக்கவிட்டார். நான்கே ஆண்டில், 1901-இல், நம் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் அந்த அறிவைப் பயன்படுத்திச் சதுப்பு நிலங்களை வடிகால் வெட்டி வற்றச் செய்தார். பின்னர்த் தோட்டங்களிலும் அதைச் செய்வித்தார். ஆண்டீசு மலை மரமும், பாரீசு வேதியியலும், சாவகத்து மண்ணும், உசேன் கானின் குருதியும் சேர்ந்ததால் நம் பாட்டன்மாரில் எத்தனையோ பேர் பிழைத்தனர். அவர்கள் பிழைத்ததால் நாம் இருக்கிறோம். ‘எங்கள் மருந்து மட்டும் போதும்’ என்று சொல்லும் தகுதி நம்மில் யாருக்கு உண்டு?

மரபைப் போற்றும் முறை

‘அப்படியானால் மரபு மருத்துவத்தைத் தூக்கி எறிந்துவிடுவதா?’ என்று கேட்கலாம். இல்லை. மரபை எப்படிப் போற்றுவது என்பதைத் தூ யூயூ என்னும் சீன அம்மையாரிடம் கற்றுக்கொள்ளலாம்.

குவினைன் வழிவந்த மருந்துகளுக்கு மலேரியா அடங்காமற் போன காலத்தில், 1967-இல் சீன அரசு புதிய மருந்து தேடத் தொடங்கியது. தூ யூயூவும் குழுவினரும் பழைய நூல்களைப் புரட்டினர். சிங்ஹாவ் என்னும் செடியை நீரில் காய்ச்சிச் சோதித்தபோது பயன் நிலையாக இல்லை. 4-ஆம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய நூலை மீண்டும் படித்தார். அதில் காய்ச்சச் சொல்லவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தது. குடிநீருக்கும் சாற்றுக்கும் உள்ள வேறுபாடு நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும் அல்லவா? சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு வடித்தார். 1971-இல் விலங்குகளிடம் முழுப்பயன் கண்டது. மறு ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் தாமே உண்டு பார்த்தார். 2015-இல் நோபல் பரிசு பெற்றார்.

அவர் கோ ஹோங்கை வணங்கிவிட்டு நின்றுவிடவில்லை. ‘எல்லாம் எங்கள் முன்னோர் அறிவர்’ என்று செய்தி அனுப்பிக்கொண்டும் இருக்கவில்லை. முன்னோர் சொல்லைச் சோதனைக்கு உட்படுத்தினார். அதனால்தான் 1600 ஆண்டுப் பழைய ஏடு இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது.

மறுப்போர்க்கு விடை

1. ‘பெருமை சொல்லாவிட்டால் நம் பிள்ளைகள் தாழ்வு மனப்பான்மை கொள்வர்.’ இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் எவருக்கும் இது தெரியும். ஆனால் நாம் ஊட்டும் பொய்ப்பெருமை எத்தனை நாள் நிற்கும்? இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, தடுப்பூசி எங்கள் தன்வந்திரி கண்டது என்று ஒரு மாணவன் எழுந்து சொல்லி, சான்று கேட்கப்பட்டுத் தலைகுனிந்தால், அன்று அவன் அந்தப் பொய்யை மட்டும் கைவிடுவதில்லை. நாம் சொன்ன அனைத்தையும் கைவிடுகிறான். புனேயின் மூக்கு அறுவை உண்மையும் அதோடு போய்விடும்.

2. ‘வெள்ளையர் நம் அறிவைத் திருடியது உண்மைதானே?’ சில இடங்களில் உண்மை. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தனர். இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காடியது. 1997-இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது. எதனால் வென்றனர்? முழக்கத்தாலா? இல்லை. இன்ன நூலில், இன்ன இடத்தில், இன்ன ஆண்டில் எழுதப்பட்டுள்ளது என்று ஏடுகளை எடுத்து வைத்ததால் வென்றனர். உண்மைச் சான்றுதான் நம் உடைமையைக் காக்கும். பொய்ச் சான்று நம் உண்மைச் சான்றையும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.

3. ‘நம் சுவடிகளைக் கடல் கொண்டது, கறையான் அரித்தது.’ அழிந்தன, உண்மை. ஆனால் அழிந்த ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்று இவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும்

ஒரு மருத்துவச் செய்தியை அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த நூல்? எந்த இடம்? யார் சோதித்தார்? விடை இல்லையேல் அனுப்பாதீர்கள். ஆசிரியர் அனுப்பினால் அது செய்தி அன்று, பாடம். பெற்றோர் அப்படித்தான் எடுத்துக்கொள்கின்றனர்.

வகுப்பில் மாணவர்களைப் பள்ளித் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே நித்தியகல்யாணி பூத்திருக்கும். அதன் தாயகம் மடகாசுகர் என்று சொல்லுங்கள். சமைக்காவில் மக்கள் அதன் இலையை நீரிழிவுக்குக் காய்ச்சிக் குடித்ததைக் கேள்வியுற்றுக் கனடாவில் ஆராய்ந்தபோது, அது வெள்ளணுக்களைக் குறைப்பது தெரியவந்தது. அந்தச் செடியிலிருந்து கிடைத்த மருந்துகள்தாம் இன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படுகின்றன என்று சொல்லுங்கள். ஒரு பூவில் நான்கு நாடு! பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் மலாய், சீன, இந்திய மரபு மருத்துவங்களை ஒருசேர ஏற்று ஒழுங்குபடுத்துகிறது. முறையாகக் கற்ற சித்த மருத்துவர் எவரும் குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை. அதே 2016-இல்தான் தொண்டை அடைப்பான் நம் நாட்டில் மீண்டும் தலைகாட்டிக் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 27 ஆண்டு இல்லாதிருந்த இளம்பிள்ளை வாதம் 2019 திசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தையைத் தாக்கியது. நோய்க் கிருமி நம் பரம்பரைப் பெருமையைக் கேட்டுவிட்டு உள்ளே வருவதில்லை.

அந்த இரு படிவங்களைப் பற்றிக் கேட்பீர்கள். தொலைபேசியில் பேசிய தந்தையின் வீட்டுக்கு ஒரு மாலை சென்றேன். எல்லீசர் கதையைச் சொன்னேன். பறங்கிப்பட்டைக் கதையும் சொன்னேன். அவர் தாயார், எண்பது வயது மூதாட்டி, அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர், “எங்கப்பாவுக்குக் கொயினா கொடுத்துத்தான் காப்பாத்துனாங்க தம்பி” என்றார். மறுநாள் படிவம் ஒப்புதலோடு வந்தது.

மற்றொரு படிவம் இன்னும் வரவில்லை. அவ்வீட்டார் என் அழைப்பை எடுப்பதில்லை. அடுத்த வாரம் மீண்டும் செல்வேன். அந்தச் செய்தியைக் குழுவில் இட்ட நண்பர் இப்பதிவைப் படிப்பார் என்று அறிவேன். நண்பரே, உங்கள்மீது எனக்குச் சினம் இல்லை. நீங்களும் என்னோடு வாருங்கள். அந்தப் பெற்றோர் நான் சொல்வதைவிட நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள்.